சர்வர் ஏன் தாமதிக்கிறது?



'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது காப்பி ஹோட்டல்தான். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' என்னும் திரைப்படம் அந்தச் சொல்லை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு சர்வரைப் பற்றி. இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால், எங்கோ குளிரூட்டிய ஓர் அறையில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை எடுத்து நமக்கு அனுப்பிவைக்கும் யந்திரமும் அதில் இயங்கும் மென்பொருளும் சேர்ந்ததே அந்தச் சர்வர். தமிழில் இதற்குச் 'சேவையகம்' என்றும் 'வழங்கி' என்றும் பெயர்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் அவற்றைத்தான் உபயோகிக்க வேண்டும். ஆனால் ஹோட்டல் சர்வரை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த விஷயம் விளங்குவதுபோல் வேறெந்தச் சொல்லாலும் விளங்குவதில்லை. ஆகையால் இன்றைக்குச் சர்வர் என்றே சொல்லிவிடுகிறேன்.

நான் பொறியியல் படித்தவனல்லன். கலைப் பட்டதாரி; தில்லியில் மத்திய அரசுக் காரியாலயம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். யந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யந்திரம் ஒன்று நோயுற்றபோது, அதன் நோயை விவரித்து மக்கள் எழுதிய கடிதங்கள் என் கையில் இருந்தன. அவற்றை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை. அந்தக் குற்றத்திலிருந்துதான் இந்தப் பேச்சுப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹோட்டலில் நாம் ஒரு மசால் தோசை கேட்கிறோம். சர்வர் உள்ளே போய்ச் சொல்கிறார். சரக்கு மாஸ்டர் தோசை வார்க்கிறார். உருளைக்கிழங்கு தீர்ந்திருந்தால் ஸ்டோர் அறைக்கு ஆள் போகிறது. ஸ்டோர் சாவி முதலாளியிடம் இருந்தால் அவர் வரும்வரை எல்லாரும் நிற்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இவை ஒன்றும் தெரியாது. "தோசை இன்னும் வரவில்லை" என்பது ஒன்றே தெரியும். மாஸ்டருக்கு வேலை மிகுந்துபோனதால் தாமதமா, சாவிக்காக நிற்பதால் தாமதமா என்று நம்மால் சொல்ல இயலாது. முதல் வகைத் தாமதத்துக்கு இன்னொரு மாஸ்டரை நியமிக்கலாம். இரண்டாம் வகைக்கு எத்தனை மாஸ்டரை நியமித்தாலும் அத்தனை பேரும் சேர்ந்து நிற்பார்கள்.

இணையச் சர்வரும் இப்படித்தான். கணக்கிடும் வேலையைப் பிராசஸர் செய்கிறது. தகவல்கள் தரவுத்தளம் என்னும் இன்னொரு மென்பொருளில், பெரும்பாலும் இன்னொரு யந்திரத்தில் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில், நினைவகத்தையும் வட்டையும் வலைத்தொடர்பையும் ஆண்டுகொண்டு, 'கெர்னல்' எனப்படும் இயங்குதளக் கரு இருக்கிறது. இந்த அடித்தள மென்பொருளில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்குப் புதுப்பிப்புகள் வருகின்றன. அவற்றைப் போடாமல் இருப்பது வாசற்கதவின் தாழ்ப்பாள் பழுது என்று தெரிந்தபின்னும் ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும். போட்டாலோ, சில சமயம் மறுநாளே எல்லாம் மந்தமாகிவிடுகிறது. சனிக்கிழமை இரவு புதுப்பிப்பு, திங்கட்கிழமை காலை புகார் என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்கு நன்கு பழகிப்போன முறை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு காரியாலயத்தில் நடந்ததும் அதுவே. அந்தக் காரியாலயம் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்குவது. விண்ணப்பங்களை இணையத்தின் வழியே மட்டும் ஏற்றுக்கொள்வார்கள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்தார்கள். கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இதைச் செய்திருக்க வேண்டுமா என்பது என் அபிப்பிராயத்துக்கு உரிய விஷயமன்று. ஆனால் அந்தப் புதுப்பிப்பு ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது என்பதும், தள்ளிப்போடலாகாது என்று மேலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது என்பதும் உண்மை.

திங்கட்கிழமை காலையிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. பல மொழிகளிலும் வந்தன. தமிழில் வந்தவை 17. அவற்றைக் கணினிப் பிரிவுக்காக மொழிபெயர்த்துத் தரும் பணி என்னிடம் வந்தது. அன்று வேறு வேலைகளும் இருந்தன. கடிதங்களைப் படித்தேன், எல்லாம் ஒன்றையே சொல்வதாக எனக்குப் பட்டது. 'இணையதளம் மிகவும் மெதுவாக இயங்குகிறது என 17 பேர் புகார் செய்துள்ளனர்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். மொழிபெயர்ப்பில் சுருக்கம் ஒரு திறமை என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு கூட்டம் நடந்தது. மொழிகளின் சார்பில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு யோசனைகள் முன்வந்தன. ஒன்று, இன்னும் பெரிய யந்திரம் வாங்குவது. அரசாங்க முறைப்படி அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, அன்றிரவே புதுப்பிப்பை எடுத்துவிட்டு யந்திரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவைப்பது. கூட்டத்தில் இருந்த பெரும்பாலோர் இரண்டாவது யோசனையை விரும்பினர். "சனிக்கிழமை நன்றாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கெட்டது, நடுவில் வந்தது புதுப்பிப்பு" என்ற வாதத்துக்கு எதிராகப் பேசுவது எளிதன்று. ஆனால் அந்த யந்திரத்தில் இலட்சக்கணக்கான மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களும் சான்றிதழ்களும் இருந்தன. ஓட்டை இன்னதென்று உலகமெங்கும் அறிவித்தாயிற்று. அறிவித்தபின் அதை மறுபடி திறந்துவைப்பதில் உள்ள ஆபத்தை நினைத்துப் பாருங்கள்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த மூத்த அதிகாரி விஷயம் தெரிந்தவர். அவர் 2018-ஆம் ஆண்டை நினைவுபடுத்தினார். "அப்போதும் இப்படித்தான், பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை இது" என்றார். அவர் சொன்னதில் ஆதாரம் இருந்தது. அந்த வரலாறு மிகவும் சுவையானதாகையால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

2018 ஜனவரி 3-ஆம் தேதி 'மெல்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு குறைபாடுகள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. மென்பொருளில் அன்று, பிராசஸரிலேயே இருந்த குறைபாடுகள் அவை. கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவும், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும், வேறு சிலரும் தனித்தனியே அவற்றைக் கண்டுபிடித்திருந்தனர். தற்காலத்துப் பிராசஸர்கள் வேகத்துக்காக ஒரு தந்திரம் செய்கின்றன. அடுத்த உத்தரவு என்னவாக இருக்கும் என்று தாமே ஊகித்து, அந்த வேலையை முன்கூட்டியே செய்துவைக்கின்றன. வழக்கமாக வருகிறவர் உள்ளே நுழையும்போதே அவருக்கு இரண்டு இட்லி என்று மாஸ்டரிடம் சொல்லிவிடும் சர்வரைப்போல. ஊகம் தவறினால் செய்ததைத் தள்ளிவிடும். ஆனால் தள்ளிவிட்ட வேலையின் சுவடு, பிராசஸர் தன் பக்கத்திலேயே வைத்திருக்கும் சிறிய நினைவகத்தில் தங்கிவிடுகிறது. எந்தத் தகவல் விரைவில் கிடைக்கிறது, எது தாமதிக்கிறது என்று நுணுக்கமாக நேரம் பார்ப்பதன் மூலம், சாதாரண நிரல் ஒன்று தான் பார்க்கக்கூடாத கெர்னலின் நினைவகத்தையே படித்துவிடலாம் என்று மெல்டவுன் காட்டியது.

இதற்கு லினக்ஸ் கெர்னலில் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? அதுவரை, நிரலுக்கு உரிய நினைவகத்தின் வரைபடமும் கெர்னலுக்கு உரிய வரைபடமும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தன. கெர்னலின் பகுதி பூட்டியிருந்தது, அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டின்படி இரண்டு வரைபடங்களையும் பிரித்துவிட்டார்கள். நிரல் ஒன்று வட்டிலிருந்து ஒரு துண்டைப் படிக்க வேண்டுமானாலும், வலைத்தொடர்பில் ஓர் எழுத்தை அனுப்ப வேண்டுமானாலும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு வரைபடத்தை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்க வேண்டியதாயிற்று, திரும்பும்போதும் அப்படியே. ஸ்டோர் அறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு வேறு செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? ஒரு முறைக்கு அது ஒன்றுமில்லை. ஒரு நாளில் ஆயிரம் முறை போகிறவருக்கு அது பெரும் சுமை.

ஆகவே, இந்தப் பரிகாரத்தால் எல்லா யந்திரங்களும் ஒரே அளவில் மந்தமாகவில்லை. தனக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நிரல்கள் அதை உணரவே இல்லை. அடிக்கடி கெர்னலின் வாசலுக்குப் போகும் இணையச் சர்வர்களும் தரவுத்தளங்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. நூற்றுக்கு 5 என்றும் 30 வரை என்றும் அப்போது பேசப்பட்டது. வரைபடம் மாற்றும் சிரமத்தைக் குறைக்கும் வசதி உள்ள புதிய பிராசஸர்களில் சுமை குறைவாகவும், பழையவற்றில் கூடுதலாகவும் இருந்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எப்பிக் கேம்ஸ் நிறுவனம், பரிகாரம் செய்தபின் தன் சர்வர் ஒன்றின் பிராசஸர் உழைப்பு திடீரென்று செங்குத்தாக ஏறியதை ஒரு வரைபடமாகவே அந்த மாதம் வெளியிட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி இன்டெல் நிறுவனம், தான் வெளியிட்ட பிராசஸர்த் திருத்தத்தால் சில யந்திரங்கள் தாமாகவே மறுபடி துவங்குவதைக் கண்டு, அதை இப்போது போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 2018-இன் பிற்பகுதியிலிருந்து வந்த பிராசஸர்கள் பலவற்றில் மெல்டவுனுக்கான தற்காப்பு வன்பொருளிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

மூத்த அதிகாரியின் மனத்தில் இருந்தது இந்த வரலாறுதான். அதை மறுத்தவர் கணினிப் பிரிவில் இருந்த இளம் பொறியாளர் ஒருவர், பஞ்சாபைச் சேர்ந்தவர், கூட்டத்தில் மிகவும் இளையவர் அவரே. அவர் சுவரில் ஒரு திரையைக் காட்டினார். பிராசஸர் தன் நேரத்தை எப்படிச் செலவிடுகிறது என்பது அதில் பத்தி பத்தியாக ஓடிக்கொண்டிருந்தது. நிரல்களுக்காக உழைத்தது ஒரு பத்தி, கெர்னலுக்காக உழைத்தது ஒரு பத்தி, வட்டுக்காகக் காத்திருந்தது ஒரு பத்தி, சும்மா இருந்தது ஒரு பத்தி. 2018-இல் நடந்தது போன்ற நோயானால் கெர்னலின் பத்தி வீங்கியிருக்க வேண்டும். அது மெலிந்திருந்தது. வட்டில் கோளாறானால் மூன்றாவது பத்தி ஏறியிருக்கும். அதுவும் ஏறவில்லை. பிராசஸர் நூற்றுக்கு 90 பங்கு நேரம் சும்மா இருந்தது.

கூட்டத்தில் சற்று நேரம் மௌனம் நிலவியது. ஊரெல்லாம் மந்தம் என்று அலறுகிறது. யந்திரமோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! பெரிய யந்திரம் வாங்கினால் அதுவும் இன்னும் பெரிதாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வட்டுக்காகக் காத்திருந்தால் அது தனிப் பத்தியில் தெரியும். வலைத்தொடர்பின் மறுமுனையில் இருக்கும் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்தால் அது 'சும்மா இருத்தல்' என்ற கணக்கில்தான் சேரும். யந்திரத்தின் பார்வையில் தூங்குகிறவனும் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறவனும் ஒன்றுதான். ஆகையால் பிராசஸர் ஓய்வாக இருந்து, பக்கங்களும் தாமதமானால், யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். யார், யாருக்காக என்பதுதான் கேள்வி.

அந்த இளைஞர் அப்போது என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கள் 'மெதுவாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எழுதிய சொல் என்ன?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "17 பேரும் ஒரே சொல்லை எழுதவில்லை. கடிதங்கள் என் அறையில் இருக்கின்றன" என்றேன். "எடுத்து வாருங்கள்" என்றார்.

இம்முறை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். முதல் எட்டுக் கடிதங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பதாவது கடிதம் தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியது. மகளுடைய விண்ணப்பத்துக்காக மூன்று தடவை பஸ் ஏறி இ-சேவை மையத்துக்குப் போய்வந்தவர். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: பொத்தானை அழுத்தினால், நிதானமாக ஐந்து எண்ணும்வரை திரை வெறுமையாக இருக்கிறது; எண்ணி முடித்ததும் முழுப் பக்கமும் ஒரேயடியாக வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் பதினைந்து எண்ண வேண்டியிருக்கிறது; பகல் வேளையில் அதுவும் வராமல் பிழை என்று காட்டுகிறது. கூட்டம் இல்லாத காலை எட்டு மணிக்குப் போனாலும் அதே ஐந்து, அதே பதினைந்து.

இவ்வளவு தெளிவான சாட்சியத்தைத்தான் நான் 'மெதுவாக' என்ற ஒரு சொல்லில் அடக்கியிருந்தேன்.

பொறியாளர் அதற்குமேல் கடிதங்களைக் கேட்கவில்லை. உழைப்பு மிகுந்த யந்திரம் ஒரே அளவில் தாமதிக்காது என்று விளக்கினார். கூட்டம் கூடினால் தாமதம் கூடும், குறைந்தால் குறையும். ஒரு பக்கம் 3 விநாடியில் வரும், இன்னொன்று 8 விநாடியில் வரும். காலையிலும் மாலையிலும் ஒரே ஐந்து விநாடி என்றால் அது உழைப்பின் கணக்கன்று. யாரோ எங்கோ எழுதிவைத்த ஒரு தவணையின் கணக்கு. பதினைந்து என்பது மூன்று ஐந்து. ஐந்து விநாடி என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும். லினக்ஸில், பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் ஏற்பாட்டில், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று வகுத்துவைத்த தவணை 5 விநாடிதான்.

அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யந்திரங்கள் ஒன்றோடொன்று எண்களாலான முகவரிகளைக் கொண்டு பேசுகின்றன. நிரல்களிலோ பெயர்களை எழுதிவைக்கிறோம். பெயருக்கு முகவரி சொல்லித் தருவதற்கு டி.என்.எஸ். எனப்படும் பெயர்ச் சர்வர்கள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு மூன்றைப் பட்டியலாக எழுதிவைப்பது வழக்கம். பட்டியலில் முதலில் உள்ளதைக் கேட்கும். 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால் அடுத்ததைக் கேட்கும்.

பொறியாளர் சர்வரின் பணியாளர்களுள் ஒன்றை மட்டும் பின்தொடரும்படி ஒரு கருவியை ஏவினார். 'எஸ்ட்ரேஸ்' என்று அதற்குப் பெயர். ஒரு நிரல் கெர்னலிடம் செய்யும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நேரத்தோடு வரிசையாக எழுதிக்காட்டக்கூடியது. சில நிமிஷங்களில் திரையில் அது வந்தது: பெயர்ச் சர்வரிடம் ஒரு கேள்வி, பிறகு 5 விநாடி வெறுமை, பிறகு இரண்டாவது பெயர்ச் சர்வரிடம் அதே கேள்வி, உடனே பதில். முதல் பெயர்ச் சர்வர் எங்கே என்று விசாரித்தார்கள். அதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் அத்தனை மாதங்களும் எப்படி நன்றாக நடந்தது? பழைய அமைப்பில், ஒருமுறை தெரிந்துகொண்ட முகவரியைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும் ஒரு சிறிய சேவை அந்த யந்திரத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ ஒருவர் 5 விநாடி காத்திருந்திருப்பார். மற்றவர்களுக்கெல்லாம் நினைவிலிருந்து பதில் கிடைத்தது. புதுப்பிப்புக்குப்பின் அந்தச் சேவை துவங்கவில்லை. அதனால், தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு பக்கமும் இறந்துபோன பெயர்ச் சர்வரிடம் போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தது. கடைசிப் பக்கம் தரவுத்தளத்தையும், சான்றிதழ்க் கிடங்கையும், அஞ்சல் சர்வரையும் தேட வேண்டியிருந்தது. ஆகவே மூன்று ஐந்து.

பகல் வேளையில் பிழை வந்ததற்கும் இதுவே காரணம். ஒரு சர்வரில் நூறு பணியாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு வேண்டுகோளை அரை விநாடியில் முடித்தால், விநாடிக்கு 200 பேருக்குப் பதில் தரலாம். அதே வேலைக்கு 5½ விநாடி ஆனால், விநாடிக்கு 18 பேருக்குத்தான் தரலாம். மீதிப் பேர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். சிலர் திருப்பி அனுப்பப்படுவார்கள். உள்ளே நூறு பேரும் வேலையில் இருப்பதாகத்தான் கணக்குச் சொல்லும். அவர்கள் செய்யும் வேலையோ காத்திருப்பது.

பட்டியலிலிருந்து இறந்த பெயரை நீக்கி, நினைவில் வைக்கும் சேவையைத் துவக்கிவிட்டார்கள். பத்து நிமிஷங்கூட ஆகவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிரவு அதை எடுத்திருந்தால் வேகம் திரும்பியிருக்கும். எல்லாரும் புதுப்பிப்பைக் குற்றவாளி என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். இறந்த பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருந்திருக்கும். ஓட்டையும் திறந்திருக்கும்.

புதுப்பிப்புக்குப்பின் வரும் எல்லாத் தாமதங்களும் இந்த வகையைச் சேர்ந்தவை என்று நான் சொல்லவரவில்லை. யந்திரம் மறுபடி துவங்கியதும், வட்டிலிருந்து அடிக்கடி படிப்பவற்றை நினைவகத்தில் வைத்திருந்த சேமிப்பு முழுவதும் காலியாகிவிடுகிறது. அது மறுபடி நிரம்பும்வரை ஒரு மந்தம் இருக்கும். அதற்கு மருந்து வேண்டாம், பொறுமை போதும். பி.எச்.பி. மொழியில் எழுதிய தளங்களில், பதிப்பு மாறும்போது அமைப்புக் கோப்பும் புதிதாக வந்துவிடும் வழக்கம் உண்டு. முன்பு கையால் திருத்திவைத்த அளவுகள் பழைய கோப்பிலேயே தங்கிவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஒரு பெரும் பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்தியவர்கள் பலர், மறுநாள் தேடல்கள் தவழ்வதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். எந்த அட்டவணையில் எவ்வளவு இருக்கிறது என்று அது எடுத்துவைத்திருந்த புள்ளிவிவரங்கள் உயர்த்தும்போது கூடவே வருவதில்லை என்பதே காரணம். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. அதற்குமுன், 'அனலைஸ்' என்ற ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் தொல்லைக்காகப் புதிய யந்திரங்கள் வாங்கியவர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேண்டுமானால், புதுப்பிப்புக்கு முன்பே யந்திரத்தின் நாடியைப் பார்த்து எழுதிவைத்திருக்க வேண்டும். சனிக்கிழமைக்கு முன் ஒரு பக்கம் எத்தனை விநாடியில் வந்தது என்று அந்தக் காரியாலயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. 'நன்றாகத்தான் இருந்தது' என்றார்கள். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில், பதிவேட்டின் அமைப்பில் சதவீதக் குறியோடு 'டி' என்ற பெரிய எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும்; ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை மைக்ரோ விநாடி ஆயிற்று என்று அதுவே எழுதிக்கொண்டுபோகும். செலவில்லாத காரியம். அன்றைக்கே அதைச் சேர்த்தார்கள். பிராசஸரின் பத்திகளையும் நாள்தோறும் பதிந்துவைக்க ஏற்பாடாயிற்று. அடுத்த புதுப்பிப்பு வந்தபோது, முன்னும் பின்னும் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாக அந்த இளைஞர் பின்னர் என்னிடம் சொன்னார். அந்தத் தடவை கெர்னலின் பத்தி சிறிது ஏறத்தான் செய்தது. அந்த அளவு விலை கொடுக்கலாம் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

புகார்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பாயிற்று. 'தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்ற அச்சிட்ட வாசகம் ஒன்று உண்டு. அதை 16 பேருக்கு அனுப்பினேன். அந்தத் தகப்பனாருக்கு மட்டும், அவர் எண்ணிய ஐந்தும் பதினைந்தும்தான் கோளாறைக் காட்டிக்கொடுத்தன என்று தனியாக இரண்டு வரி சேர்க்க அனுமதி கேட்டேன். மேலதிகாரி கையொப்பமிட்டார். புகார்களைப் பெயர்க்கும்போது இப்போதெல்லாம் எண்ணையும் மணியையும் அப்படியே எழுதுகிறேன். பக்கம் கூடுகிறது என்று தட்டச்சுப் பிரிவில் சலித்துக்கொள்கிறார்கள். அந்த மகளின் விண்ணப்பம் வியாழக்கிழமை பகல் 11 மணிக்குப் பதிவாகியிருந்ததைப் பட்டியலில் பார்த்தேன்.